பொலன்னறுவை அரண்மனையை எரித்தது யார்? திருகோணமலையிலிருந்து ஒரு நாள் பயணம்

"சித்தி, நாங்களா எரிச்சது?"

பொலன்னறுவையில், முதலாம் பராக்கிரமபாகுவின் அரண்மனைச் சுவருக்குக் கீழே நின்று என் அக்காவின் மகன் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவனுக்குப் பன்னிரண்டு வயது. யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறான். அதனால் வழிகாட்டி சிங்களத்தில் சொன்னது என்னைவிட அவனுக்கு முதலில் விளங்கிவிட்டது.

அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அன்று முழுக்க நாங்கள் தேடிய பதிலையும், அந்த இடத்துக்குப் போக விரும்புகிறவர்களுக்குத் தேவையான விபரங்களையும் இங்கே தருகிறேன். எங்கள் பக்கத்திலிருந்து பொலன்னறுவைக்குச் சுற்றுலா போகிறவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். ஆனால் அங்கே எதைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று தமிழில் எழுதப்பட்டவை குறைவு.

கோட்டை வாசலில் இருந்து

நாங்கள் பதின்மூன்று பேர். ஒரே ஒழுங்கையில் இருக்கிற நான்கு குடும்பங்கள், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர், சம்பூரைச் சேர்ந்த பெரியம்மா ஒருவர். காலை ஐந்தரைக்கு பிரெட்ரிக் கோட்டை வாசலடியில் வான் வந்து நின்றது.

திருகோணமலையில் அரண்மனை என்று சொல்ல இன்று எதுவும் இல்லை. உலகமே ஆசைப்பட்ட துறைமுகம் இருக்கிறது. அதைக் காக்கக் கட்டிய கோட்டைகள் இருக்கின்றன. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை 1620களில் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1803இல் அதற்கு பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். வாசலில் நுழையும்போது இரட்டைக் கயல் பொறித்த ஒரு கல்லைப் பார்க்கலாம். கோயில் தூண், கோட்டை வாசலின் நிலைக்கல்லாகிவிட்டது.

இதே கோட்டைக்குள் கிரந்த எழுத்தில், வடமொழியில் அமைந்த ஒரு கல்வெட்டும் கிடைத்தது. சோடகங்கன் என்ற ஒருவன் சக வருடம் 1145இல், அதாவது கி.பி. 1223இல், இலங்கைக்கு வந்ததை அது சொல்கிறது. ஆசிரியர் வான் புறப்பட முன்னரே இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். "இந்த வருசத்த ஞாபகம் வச்சிருங்கோ. பின்னேரம் தேவைப்படும்" என்றார். அவருக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

வழியில்

திருகோணமலையில் இருந்து கந்தளாய், ஹபரணை, மின்னேரியா வழியாகப் பொலன்னறுவை ஏறத்தாழ 130 கிலோமீற்றர். நிற்காமல் போனால் இரண்டரை மணித்தியாலம் போதும். நாங்கள் நின்று நின்றுதான் போனோம்.

முதல் தரிப்பு கந்தளாய்க் குளக்கட்டு. கோணேசர் கோயிலின் தேவைக்காகக் குளக்கோட்டன் கட்டியது என்று எங்கள் மரபு சொல்கிறது. இரண்டாம் அக்கபோதி கட்டியது என்று சிங்கள மரபு சொல்கிறது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் இந்தக் கட்டு உடைந்தபோது நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். தண்ணீர் யாருடைய மரபையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. கந்தளாய்க்கு அருகே பாலமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி ஆண்ட விஜயபாகு என்ற சிங்கள அரசனின் காலத்தது. ஒரு பிராமணப் பெண் கந்தளாயிலிருந்த சிவன் கோயிலுக்குக் கொடுத்த தானத்தை அது பதிவுசெய்கிறது. அந்தத் தானத்தைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்த வேளைக்காரர் என்ற பெயரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கந்தளாய் தாண்டியதும் பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒருகாலத்தில் இந்த வீதியில் எங்கெல்லாம் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்துபோய்த் திரும்ப ஏற வேண்டியிருந்தது என்று அவர் விரல் விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் வீடுகளில் பொலன்னறுவை என்பது ஒரு சோதனைச்சாவடியின் பெயர். அதைவிடக் கூடிய பயத்துக்கும் காரணம் இருந்தது. 1992 ஏப்ரல் 29ஆம் திகதி, இந்த மாவட்டத்தின் அழிஞ்சிப்பொத்தானையில் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழியாக அதே நாளில் முத்துக்கல், கரப்பொல கிராமங்களில் தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். அரண்மனை பார்க்கப் போகிறோம் என்று சொன்னபோது அம்மா ஒரு கணம் பேசாமல் நின்றது அதனால்தான்.

மின்னேரியாவில் பிள்ளைகள் யானை தேடினார்கள். வீதியோரம் ஒன்று நின்றது. வானில் இருந்த எல்லோரும் அதன் பிறகுதான் சுற்றுலா மனநிலைக்கு வந்தார்கள்.

அரண்மனை

பழைய நகரின் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் ஒரு வழிகாட்டியைப் பேசி எடுத்தோம். ஐம்பது வயது இருக்கும். சிங்களமும் ஆங்கிலமும் பேசுவார். தமிழ் ஒன்றிரண்டு சொல் தெரியும். பொறுமையானவர். பெரியம்மாவுக்கு நிழல் பார்த்துப் பார்த்து நிறுத்தினார்.

முதலாம் பராக்கிரமபாகு 1153 முதல் 1186 வரை ஆண்டவன். அவனுடைய அரண்மனை ஏழு மாடியும் ஆயிரம் அறைகளும் கொண்டது என்று சூளவம்சம் சொல்கிறது. இன்று மிஞ்சியிருப்பது செங்கல் சுவர்கள். மேல்மாடி உத்திரங்கள் பொருத்தப்பட்டிருந்த குழிகள் வரிசை வரிசையாகத் தெரிகின்றன. அவற்றை எண்ணித்தான் மூன்றாம் மாடி எந்த உயரத்தில் இருந்தது என்று கணக்கிட முடிகிறது. அதற்கு மேலே மரத்தால் ஆனவை எல்லாம் போய்விட்டன. கீழ்ச் சுவர்கள் மூன்று மீற்றர் அளவு தடிப்பு. ஒரு சுவரின் தடிப்பில் எங்கள் வானை நிறுத்தலாம் என்று பிள்ளைகள் அளந்து பார்த்தார்கள்.

கிழக்குப் பக்கம் அரசவை மண்டபம். அதன் மேடையைச் சுற்றிக் கீழ்வரிசையில் யானைகள், நடுவில் சிங்கங்கள், மேலே குள்ள பூதங்கள். ஒவ்வொரு யானையும் வெவ்வேறு விதமாக நிற்கிறது. ஒன்று துதிக்கையைச் சுருட்டியிருக்கும், அடுத்தது தலையைத் திருப்பியிருக்கும். கொஞ்சம் தள்ளிக் கீழே இறங்கினால் குமார பொக்குண என்ற அரச நீராடு குளம். முதலை வாய் வடிவத்தில் அமைந்த கல் பீலிகளால் தண்ணீர் விழுமாறு கட்டியிருக்கிறார்கள்.

பெரியம்மா அரண்மனையின் நடுக்கூடத்தில் நின்று மேலே பார்த்தார். கூரை இல்லை, வானம் தெரிந்தது. 2006இல் சம்பூரில் இருந்து ஓடி, கிளிவெட்டி முகாமில் பல வருடம் இருந்து, பிறகு ஊர் திரும்பியவர் அவர். "நாங்க திரும்பிப் போகேக்க எங்கட வீடும் இப்பிடித்தான் நிண்டது. சுவர் மட்டும்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அப்போதுதான் வழிகாட்டி சுவரின் ஒரு பகுதியைக் காட்டினார். செங்கல் வெக்கையில் கறுத்து இறுகியிருந்தது. தீயின் அடையாளம். "தமிழர்கள் வந்து எரித்தார்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு நாளைக்குப் பல தடவை சொல்லிப் பழகிய குரல். மருமகன் என் கையைப் பிடித்தது அந்த நேரம்தான்.

மாகன் என்றும் மாகோன் என்றும்

வழிகாட்டி சொன்னது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. வழிகாட்டி நூல்கள் பலவும் இந்தத் தீயை 1215இல் வந்த கலிங்க மாகனின் படையெடுப்போடு இணைக்கின்றன. அது யார் என்று பார்ப்போம்.

மாகன் கலிங்கத்தில் இருந்து வந்தவன். கலிங்கம் என்பது இன்றைய ஒடிசாவும் அதை ஒட்டிய பகுதிகளும். அவனுடைய படையில் முதன்மையாகக் கேரள வீரர்கள் இருந்ததாகச் சூளவம்சம் சொல்கிறது. தமிழரும் அதில் சேர்த்தே பேசப்படுகிறார்கள். விகாரைகளை அவர்கள் இடித்ததையும், நூல்களை அழித்ததையும், மக்களின் உடைமைகளைப் பறித்ததையும் அந்த நூல் நீளமாகச் சொல்கிறது. அந்த வலியை நாங்கள் இலகுவாகத் தள்ளிவிட முடியாது. அதை எழுதியவர்கள் அழிவைப் பார்த்த பிக்குகளின் வழிவந்தவர்கள். நூல்கள் எரிவது எப்படியிருக்கும் என்று 1981க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆனால் அதே மாகன் பொலன்னறுவையைத் தலைநகராக வைத்து ஏறத்தாழ இருபத்தொரு வருடம் ஆண்டான். எரித்துவிட்டு ஓடிப்போன கொள்ளைக்காரன் அல்ல. கிழக்கில் அவனுடைய பெயர் வேறு விதமாக நிலைத்திருக்கிறது. மட்டக்களப்பு மான்மியம் அவனைக் கலிங்க மாகோன் என்று அழைக்கிறது. குடிகளின் உரிமைகளையும் கோயில் ஊழியங்களையும் ஒழுங்குபடுத்திய அரசனாக அவன் அங்கே வருகிறான். மட்டக்களப்பில் கோயில் நிர்வாகத்தில் எந்தக் குடிக்கு எந்த உரிமை என்று பேச்சு வந்தால் இன்றும் மாகோன் பெயர் வரும். காலையில் ஆசிரியர் நினைவில் வைக்கச் சொன்ன 1223ஆம் ஆண்டு மாகனின் ஆட்சிக்காலத்துக்குள் வருகிறது. திருகோணமலைக் கோட்டைக்குள் கிடைத்த சோடகங்கன் கல்வெட்டு, அவன் பொலன்னறுவையில் ஆண்டபோது எழுதப்பட்டது.

ஒரே மனிதன். பொலன்னறுவைச் சுவருக்குக் கீழே அவன் நாசகாரன். இரண்டு மூன்று மணித்தியாலப் பயணத் தூரத்தில் அவன் சட்டம் வகுத்த அரசன். இரண்டு நினைவுகளும் அவரவர்க்கு உண்மையானவை.

கலிங்கம் என்ற பெயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அரண்மனைக்கு வடக்கேயுள்ள நாற்சதுர முற்றத்தில் கல்பொத்த என்ற மாபெரும் கல்நூலைக் காட்டுவார்கள். ஏறத்தாழ 27 அடி நீளம். எழுதுவித்தவன் நிஸ்ஸங்கமல்லன், 1187 முதல் 1196 வரை ஆண்டவன். இலங்கை அரசு கலிங்க வம்சத்துக்கே உரியது, சோழரும் கேரளரும் அதற்கு ஆசைப்படக்கூடாது என்பது அவனுடைய நிலைப்பாடு. அவனும் கலிங்கத்தில் இருந்து வந்தவன்தான். அவனை வழிகாட்டிகள் பெருமையோடு அறிமுகப்படுத்துகிறார்கள். இருபது வருடம் கழித்து அதே கலிங்கத்தில் இருந்து வந்த மாகனைத் தமிழன் என்கிறார்கள்.

அரண்மனையைக் கட்டியவனின் குடும்பத்தையும் பாருங்கள். விஜயபாகுவின் தங்கை மித்தா ஒரு பாண்டிய இளவரசனை மணந்தாள். அவர்களுடைய மகன் மானாபரணன். மானாபரணனின் மகன்தான் பராக்கிரமபாகு. அதாவது அவனுடைய தந்தைவழிப் பாட்டன் பாண்டியன். தாய்வழிப் பாட்டி கலிங்க இளவரசி. இதனால் அவன் தமிழருக்கு நண்பனாக இருந்தான் என்று நினைக்க வேண்டாம். பாண்டிய நாட்டின் மேல் படை அனுப்பியவன் அவன். அங்கே பிடித்த கைதிகளைக் கொண்டு அநுராதபுரத்துத் தாதுகோபத்தைப் பழுதுபார்த்ததாக அவனுடைய வரலாற்று நூலே சொல்கிறது. அரசர்கள் இரத்த உறவைப் பார்த்துப் போர் செய்யவில்லை. மொழியைப் பார்த்தும் செய்யவில்லை.

எரித்தவர்களும் காத்தவர்களும்

இதையெல்லாம் ஆசிரியர் வழிகாட்டியிடம் சிங்களத்தில் சொன்னார். சண்டை பிடிக்கவில்லை. "ஐயா, மாகன் கலிங்கத்து ஆள் என்றுதானே சூளவம்சத்தில் இருக்கிறது" என்று தொடங்கினார். வழிகாட்டி தலையை ஆட்டிக் கேட்டார். "நான் படிச்ச காலத்தில இப்பிடித்தான் சொல்லித் தந்தவை" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உங்கட எழுத்தில ஒரு கல் இருக்கு. வாங்கோ" என்று அவரே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

அது நாற்சதுர முற்றத்தில், அடதாகே என்ற பழைய தந்ததாதுக் கோயிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வேளைக்காரர் கல்வெட்டு. கிரந்த எழுத்துக் கலந்த தமிழ். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது.

வேளைக்காரர் என்போர் அரசனுக்கு உயிரைக் கொடுப்பதாகச் சத்தியம் செய்து சேவை செய்த படையினர். சோழர் 993 அளவில் வடஇலங்கையைப் பிடித்து, பொலன்னறுவைக்கு ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்டார்கள். 1070இல் விஜயபாகு அவர்களைத் துரத்தினான். துரத்திய பிறகும் வேளைக்காரப் படையைத் தன்னிடம் வைத்திருந்தான். பிறகு சோழ நாட்டின் மேல் படையெடுக்க அவர்களை ஏவியபோது அவர்கள் மறுத்துக் கிளர்ந்தார்கள். தளபதிகளைக் கொன்றார்கள். அரசனின் தங்கை மித்தாவையும் அவளுடைய மூன்று ஆண் மக்களையும் சிறைபிடித்தார்கள். அரண்மனைக்குத் தீ வைத்தார்கள். விஜயபாகு அந்தக் கிளர்ச்சியைக் கொடுமையாக அடக்கினான்.

ஆகவே பொலன்னறுவையில் ஓர் அரண்மனையைத் தமிழ்ப் படையினர் எரித்தது உண்மை. அது இன்று நிற்கும் அரண்மனை அல்ல. அதற்கு இரண்டு தலைமுறை முந்தியது.

கதை அதோடு முடியவில்லை. விஜயபாகு இறந்த பிறகு, அரச உரிமைக்காகச் சண்டை மூண்டிருந்த வேளையில், புத்தரின் தந்ததாதுக் கோயிலுக்குப் பாதுகாப்புத் தேவைப்பட்டது. முகலன் என்ற மகாதேரர் அமைச்சர்களோடு வந்து அந்தப் பொறுப்பை வேளைக்காரரிடமே கொடுத்தார். அவர்கள் அதற்கு 'மூன்றுகைத் திருவேளைக்காரர் தளதாய்ப் பெரும்பள்ளி' என்று பெயரிட்டார்கள். தங்களுக்கு அழிவு வந்தாலும், தங்கள் வழி இருக்கும் வரைக்கும், கோயிலையும் அதன் ஊர்களையும் அங்கே அடைக்கலம் புகுந்தவர்களையும் காப்போம் என்று சத்தியம் செய்து கல்லில் எழுதினார்கள். வலங்கையும் இடங்கையும் வடுகரும் மலையாளரும் அதில் பெயர் சொல்லப்படுகிறார்கள். இன்று சிங்கள பௌத்தத்தின் மிகப் பெரிய புனிதப் பொருளாகக் கருதப்படும் தந்ததாது, ஒரு காலத்தில் தமிழ் எழுதிய படைவீரர்களின் காவலில் இருந்தது.

மருமகன் கல்லைக் கிட்டப் போய்ப் பார்த்தான். "இது தமிழா?" என்றான். எனக்கும் வாசிக்க முடியவில்லை. எழுத்து மாறிவிட்டது. ஆசிரியர் விரலைக் கல்லில் வைக்காமல் காற்றில் வைத்து ஒரு க, ஒரு ர, ஒரு ன என்று காட்டினார். பிள்ளைகள் அதன் பிறகு அரை மணித்தியாலம் எழுத்துத் தேடினார்கள். வழிகாட்டியும் அவர்களோடு குந்தியிருந்து எந்த எழுத்து எது என்று கேட்டார்.

விளக்கு எரியும் கோயில்

முற்றத்துக்குத் தெற்கே, அதை ஒட்டி முதலாவது சிவாலயம் இருக்கிறது. கூரை இல்லை. பாண்டியர் பாணியில் மிக நுட்பமாகச் செதுக்கிய கல். 1907, 1908ஆம் ஆண்டுகளில் இங்கே நடந்த அகழ்வில் நடராசர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் கிடைத்தன. பொலன்னறுவையில் கிடைத்த வெண்கலப் படிமங்களைக் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்திலும் பொலன்னறுவை அருங்காட்சியகத்திலும் காணலாம்.

இன்னும் வடக்கே போனால் இரண்டாவது சிவாலயம். வானவன்மாதேவி ஈஸ்வரம். இராஜராஜனின் அரசி ஒருத்தியின் பெயர் அது. சோழன் அதிராஜேந்திரனின் கல்வெட்டு இதில் உண்டு. முழுக்கக் கல்லால் கட்டியது, விமானம் வரை அப்படியே நிற்கிறது. பொலன்னறுவையில் இன்று நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது இதுதான் என்று கருதப்படுகிறது. ஏழு மாடி அரண்மனை சுவராகிவிட்டது. இந்தச் சின்னக் கோயில் தப்பியிருக்கிறது.

உள்ளே லிங்கம் இருக்கிறது. யாரோ பூ வைத்திருந்தார்கள், விளக்கு எரிந்த அடையாளம் இருந்தது. பெரியம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த நித்தியகல்யாணிப் பூவை வைத்தார். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு சிங்களக் குடும்பமும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கும்பிட்டது. பெரியம்மா நகர்ந்து இடம் விட்டார்.

போக விரும்புகிறவர்களுக்கு

பேருந்தில் போவதானால் ஹபரணைச் சந்தியில் இறங்கி, பொலன்னறுவை அல்லது மட்டக்களப்பு போகும் பேருந்தில் மாறி ஏறுங்கள். பழைய நகரடியில் இறங்க வேண்டும். கதுருவெல பேருந்து நிலையமும் புகையிரத நிலையமும் அதற்கு அப்பால் சில கிலோமீற்றர் தள்ளி இருக்கின்றன. தெரியாமல் அங்கே போனால் திரும்பி வர வேண்டும்.

தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வந்த உறவினர்களுக்கு நுழைவுக் கட்டணம் வேறு, டொலர் கணக்கில் பெரிய தொகை. அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் முதலே சொல்லிவிடுங்கள். வாசலில் நின்று முகம் சுளிக்க வேண்டியிராது.

காலை எட்டு மணிக்கு முன் உள்ளே போய்விடுவது நல்லது. இடம் பெரிது. அரண்மனை, நாற்சதுர முற்றம், சிவாலயங்கள், கல்விகாரை என்று வடக்கு நோக்கிப் போக வேண்டும். வாகனம் இல்லாவிட்டால் வாடகைச் சைக்கிள் எடுக்கலாம். புனித இடங்களில் செருப்பைக் கழற்ற வேண்டும். பத்து மணிக்குப் பிறகு கல்லில் கால் வைக்க முடியாது, வயதானவர்களுக்குக் காலுறை கொண்டுபோங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை தேவை. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்க வேண்டாம்.

வழிகாட்டியை எடுப்பதானால் அனுமதி அட்டையைக் கேளுங்கள். தொகையை முதலே பேசுங்கள். தமிழில் விளக்கம் தேவையானால் புறப்பட முன்னரே விசாரித்து ஒழுங்குசெய்யுங்கள். இரண்டு இடங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: வேளைக்காரர் கல்வெட்டு, இரண்டாவது சிவாலயம். அவசரச் சுற்றுலாக்கள் இவற்றைத் தவிர்த்துவிட்டு நேராகக் கல்விகாரைக்குப் போய்விடும். அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். அரண்மனை முழுமையாக இருந்தபோது எப்படியிருந்திருக்கும் என்று காட்டும் மாதிரி உருவம் அங்கே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் போனால் சுவரில் இருக்கும் குழிகள் விளங்கும்.

வழிகாட்டி சொல்வது பிழையாகப் பட்டால் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் மரியாதையாகவே பதில் வரும். அவர்களும் தங்களுக்குச் சொல்லித் தரப்பட்டதைத்தான் சொல்கிறார்கள்.

திரும்பும் வழியில்

எங்கள் வழிகாட்டி தன் கருத்தை மாற்றிக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை. விடைபெறும்போது ஆசிரியரிடம் அந்தக் கல்லில் உள்ள தமிழை இன்றைய எழுத்தில் எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டுத் தன் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தார். ஆசிரியர் அனுப்புவதாகச் சொன்னார்.

கந்தளாய் தாண்டி இருட்டியபோது மருமகன் திரும்பவும் கேட்டான். அவன் மறக்கவில்லை.

நான் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். "எண்ணூறு வருசத்துக்கு முந்தி வந்த ஒரு படை எரிச்சதெண்டு சொல்லினம். அதில மலையாளம் பேசின ஆட்கள் இருந்தவை, தமிழ் பேசின ஆட்களும் இருந்திருப்பினம். கூட்டிக்கொண்டு வந்தவன் கலிங்கத்தான். தமிழில் எழுதி அந்தக் கோயிலைக் காத்த ஆட்களும் இருந்தவை. நீ எரிக்கவுமில்ல, நீ காக்கவுமில்ல."

"அப்ப அவை எங்கட ஆக்களா, இல்லையா?"

ஆசிரியர் முன் இருக்கையில் இருந்து திரும்பினார். "ஓம் எண்டா ரெண்டு பேரையும் எடுத்துக்கொள்ள வேணும் தம்பி. எரிச்சவனை விட்டுட்டுக் காத்தவனை மட்டும் எடுக்கக் கூடாது. அவையும் அப்பிடித்தான், எங்கள எரிச்சவனையும் சேர்த்துத்தான் எடுக்க வேணும்."

அவன் அதைப் பற்றி யோசித்தானா, நித்திரையாகிவிட்டானா என்று இருட்டில் தெரியவில்லை. எட்டு மணிக்கு வான் கோட்டை வாசலடியில் நின்றது. இறங்கும்போது அவன் காலையில் பார்த்த இரட்டைக் கயல் கல்லடிக்குப் போய், தொலைபேசி வெளிச்சத்தை அடித்து எழுத்துத் தேடத் தொடங்கினான். சாப்பாடு ஆறுகிறது என்று அக்கா வீட்டிலிருந்து இரண்டு தடவை அழைத்த பிறகுதான் வந்தான்.